மிஷினுக்குப் படகு கிடைத்துவிட்டது

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது.

நாங்கள் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. உன் போன் மூன்று வாரமாக மணியடித்து மணியடித்து நின்றுவிடுகிறது, அதனால்தான் கடிதம். வேலை அதிகம் என்று தெரியும். வேளாவேளைக்குச் சாப்பிடு. ராத்திரி கண்விழிக்காதே. போன் வந்தால் எடு ஐயா, யாருடையதாக இருந்தாலும் எடு. போன வாரம் ஒரு பெண் இங்கே கூப்பிட்டு உன் பெயரைச் சொன்னாள். சிக்னல் சரியில்லை, வைத்துவிட்டேன்.

நீ அனுப்பிய புதுவீட்டுப் படத்தை அப்பா பால்காரர் வரைக்கும் காட்டியாகிவிட்டது. சோபா, சுவரளவு டி.வி., பாத்திரம் கழுவுகிற மிஷின். எனக்கும் நெஞ்சு நிறைந்துதான் இருக்கிறது. நம் குடும்பத்தில் இப்படி ஒரு வீட்டில் இருந்தவர்கள் யார்? ஆனால் ஒரே வருஷத்தில் அத்தனையும் வாங்க வேண்டுமா? இரண்டு பேர் சாப்பிடுகிற தட்டைக் கழுவ மிஷின் எதற்கு? நான் கேட்கக் கூடாதுதான்.

ஒரு நல்ல செய்தி. பூட்டியாச்சி தையல் மிஷினுக்குப் படகு கிடைத்துவிட்டது. தென்காசியில் ஒரு வயதான மெக்கானிக் பழைய டப்பாவிலிருந்து தேடி எடுத்துக் கொடுத்தார். இப்போது வருகிற வட்ட பாபின் இதற்கு ஆகாது, உனக்குத் தெரியும். அரை விரல் நீளத்துக்கு ஒல்லியான நூல் பாபின், அது போய்ப் படுத்துக்கொள்கிற படகு. முன்தகட்டை நகர்த்தி உள்ளே வைத்தேன். கைப்பிடியைச் சுற்றினால் அதே சத்தம். நீ "சிங்கமா பொம்பளையாம்மா" என்று கேட்பாயே, பொன் வர்ணத்தில் மனுஷமுகம் வைத்த அந்தச் சிங்கம், பாதி அழிந்தாலும் இன்னும் படுத்திருக்கிறது.

எண்ணெய் போட்டுத் துடைக்கும்போது நம்பரைப் பார்த்தேன். ஒய் என்ற எழுத்தில் தொடங்குகிறது. அப்படியானால் ஸ்காட்லாந்தில் சிங்கர் கம்பெனியின் கிளைட்பாங்க் தொழிற்சாலையில் 1920-களிலோ 30-களின் தொடக்கத்திலோ செய்தது. அந்த ஊரில் ரயில் நிலையத்துக்கே சிங்கர் என்று பெயர். 1913-இல் மட்டும் பதின்மூன்று லட்சம் மிஷின் அனுப்பின தொழிற்சாலை அது. முப்பத்தோரு வருஷம் தையல் டீச்சராக இருந்தவள் இதெல்லாம் சொல்லாமல் இருப்பேனா? இயந்திரம் என்றாலே யோசித்த காந்தி, 1924-இல் தையல் மிஷினுக்கு விலக்குக் கொடுத்தார். சிங்கர் தன் பெண்டாட்டி கையால் தைத்து மாய்வதைப் பார்த்த அன்பில் பிறந்தது என்பது காந்தியின் எண்ணம். ஒவ்வொரு வருஷமும் முதல் வகுப்பில் பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்லித் தொடங்குவேன்.

தவணையும் சிங்கர்காரர்கள் 1856-லேயே ஆரம்பித்ததுதான். பூட்டியாச்சியும் மொத்தப் பணம் கொடுத்து வாங்கவில்லை. அட்டை போட்டு, மாதாமாதம் கட்டித்தான் வாங்கினாள். தவணைக்காரர் வருகிற அன்றைக்குத் திண்ணையைப் பெருக்கித் தண்ணீர் தெளித்து, மோர்ச்செம்போடு உட்கார்ந்திருப்பாளாம். ஒரு மாதம் கையில் காசில்லை. அன்றைக்கும் அதே திண்ணையில் உட்கார்ந்து, "இந்த மாசம் மழை, ரவிக்கை தைக்கக் கொடுப்பார் இல்லை, அடுத்த மாசம் சேர்த்து வாங்கிக்கோங்க" என்றாளாம். அப்பாவுக்கு அவர் அம்மா சொன்னது, எனக்கு அப்பா சொன்னது.

அவள் வாங்கின எதற்கும் ஒரு கணக்கு இருந்தது. அரிக்கேன் விளக்கு வாங்கினாள், காற்றில் அணையாது, தொழுவத்துக்கும் தூக்கிப் போகலாம், ராத்திரி இரண்டு உருப்படி கூடத் தைக்கலாம். கிருஷ்ணாயில் வருகிற நாலு காலன் தகரடின்னில் எண்ணெய் தீர்ந்ததும் மேல்மூடியை வெட்டி, குறுக்கே ஒரு கம்பு அடித்தால் தண்ணீர்க் குடம். ஓட்டை விழுந்தால் தவிடு போட்டு வைக்க. அலுமினியச் சட்டி அப்போது புதுசு. சென்னைக் கலைத்தொழில் பள்ளியில் சாட்டர்டன் என்ற வெள்ளைக்காரர் 1898-இல் அதில் பாத்திரம் செய்யத் தொடங்கி ஒரு தலைமுறைதான் ஆகியிருந்தது. ஊரில் ஏளனமாகப் பார்த்தார்களாம். ஈயம் பூசுகிற கூலி மிச்சம் என்று இவள் வாங்கினாள். நீ குளிக்க வெந்நீர் போட்ட அந்த நசுங்கின சட்டிதான்.

இதையெல்லாம் உனக்குப் புத்தி சொல்ல எழுத ஆரம்பித்தேன். எழுத எழுத எனக்கே கூசுகிறது.

அந்த மிஷின் ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்று உன்னிடமும் அப்பாவிடமும் சொன்னேனே, நீ எட்டாவது படிக்கும்போது, அது பொய். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துத் தையல்கடையில் ஆயிரத்து ஐந்நூறுக்கு அடகு வைத்திருந்தேன். ஃபிரிட்ஜ் தவணைக்காக. எதிர்வீட்டில் வந்துவிட்டது, நம் வீட்டிலும் வேண்டும் என்று அப்பாவை நச்சரித்து வாங்கினது நான்தான். பதினான்கு மாதம் கழித்து மீட்டபோது படகு இல்லை. கேட்க வாயில்லாமல் தூக்கி வந்தேன். வயசாகிவிட்டது, தைக்காது என்று உங்களிடம் சொன்னேன்.

அதுகூடப் போகட்டும். தவணைக்காரர் சைக்கிள் சத்தம் கேட்டதும் நான் அடுப்படிக்குள் போய்விடுவேன். உன்னைத்தானே வாசலுக்கு அனுப்பினேன். "அம்மா இல்லை, எப்போ வருவாங்கன்னு தெரியாது." நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு சொல்லுவாய். முதல் தடவை சொல்லிவிட்டு உள்ளே வந்து என் முகத்தையே பார்த்தாய். நான் உனக்கு ஒரு முறுக்கு எடுத்துக் கொடுத்தேன். எத்தனை மாதம் அப்படி நிற்க வைத்தேன் என்று எண்ணிப் பார்க்கக்கூட தைரியமில்லை எனக்கு. போனை எடுக்கமாட்டேன் என்கிறாயே என்று உன்னைக் கோபிக்கிறேன். உனக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவள் நான்தான் ஐயா.

போன வாரம் சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. அந்தப் பெண் சொன்னது முழுவதையும் கேட்டேன். மூன்று மாதம் என்றாள். "அவன் இங்கே இல்லை, எனக்கு ஒன்றும் தெரியாது" என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகு கை நடுங்கியது. அப்பாவிடம் சொல்லவில்லை. சித்தப்பா காரியத்துக்குப் பிறகு அவர் முன்னால் கடன் என்ற சொல்லை எடுக்கமுடிவதில்லை. நேற்றுத்தான் சித்தப்பா படத்துக்கு மாலை மாற்றினேன். ராத்திரி தூங்கு ஐயா. தனியாக இருக்காதே.

செவ்வாய்க்கிழமை மறுபடி கூப்பிடுவார்கள். இந்தத் தடவை நான் இல்லை என்று சொல்லமாட்டேன். அதற்கு முன்னால் நீ எனக்குப் பேசு. விளக்கம் ஒன்றும் வேண்டாம், தொகையை மட்டும் சொல். என் வளையல் நாலும் பீரோவில் இருக்கிறது, பென்ஷனும் வருகிறது.

இதோடு ஒரு தலையணை உறை அனுப்புகிறேன். அந்த மிஷினில் தைத்தது. ஓரத்தில் தையல் ஓர் இடத்தில் கோணியிருக்கும், நூல் இன்னும் சரியாகப் பிடிபடவில்லை.

அம்மா