நோயைக் கண்டறிந்த பிறகு வேலைக்கூடத்தில் என்ன மாறுகிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தொழிற்சாலைகளுக்கே சென்று தொழிலாளர்களின் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரை அளவையும் பரிசோதிக்கும் 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தமிழக அரசு 2024 ஜனவரியில் தொடங்கியது. அதை மனமார வரவேற்கிறேன். ஆனால் திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளில் பணியாளர் நலப் பிரிவில் நெடுங்காலமாக வேலை பார்த்துவரும் எனக்கு, சர்க்கரை இருப்பது தெரிந்த தொழிலாளி மறுநாள் வேலைக்குத் திரும்பும்போது அங்கே அவருக்காக எதுவுமே மாறியிருப்பதில்லை என்பது பெரிய குறையாகப்படுகிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடத்தப்பட்டு 2023இல் வெளியான ஆய்வு, நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. எங்கள் ஊரில் ஒன்றரை ஷிப்ட் என்றால் காலை எட்டரைக்கு உட்காருபவர் இரவு எட்டரைக்கு எழுவார். ஏற்றுமதித் தேதி நெருங்கிவிட்டால் மதியச் சாப்பாடு ஒரு மணி நேரம் தள்ளிப்போவது சாதாரணம். இன்சுலின் போட்டுக்கொண்டவரோ, சில வகைச் சர்க்கரை மாத்திரைகளை எடுப்பவரோ உரிய நேரத்தில் சாப்பிடாவிட்டால் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், கண் மங்கும். அந்த நிலையிலும் அவர் ஓவர்லாக் மெஷினில் தைத்துக்கொண்டிருக்கிறார். தைக்கும் ஒவ்வொரு பீஸுக்கும் இவ்வளவு எனக் கூலி வாங்கும் பீஸ் ரேட்டில் இருப்பவருக்கு எழுந்து போகும் ஒவ்வொரு நிமிடமும் கூலி இழப்பு என்பதால், கழிப்பறைக்குப் போகக்கூடத் தயங்கித் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்.

நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் செக்கிங் பிரிவுப் பெண் ஒருவர், இன்சுலின் பேனாவைக் கைக்குட்டையில் சுற்றி டிபன் பைக்குள் மறைத்து வைத்திருந்து, கழிப்பறைக்குள் போய் ஊசி போட்டுக்கொண்டு வந்தார். காரணம் கேட்டதற்கு, "சூப்பர்வைசருக்குத் தெரிஞ்சா அடுத்த வாரம் வரவேண்டாம்னு சொல்லிருவாங்க சார்" என்றார். இந்த அச்சம் இருக்கும்வரை பரிசோதனை முகாம் நடக்கும் நாளில் லீவு போடுகிறவர்கள் இருக்கத்தான் செய்வார்கள். வலிப்பு நோய் உள்ளவருக்குத் தூக்கம் கெட்டால் வலிப்பு வரும் வாய்ப்பு கூடும் என்று தெரிந்தும், அதைச் சொல்ல அஞ்சி இரவு வேலைக்கு வருபவர்களையும் பார்த்திருக்கிறேன்.

சட்டத்தில் பாதுகாப்பே இல்லை என்று சொல்ல முடியாது. இஎஸ்ஐ என்னும் தொழிலாளர் காப்பீட்டுத் திட்டத்தில் குறிப்பிட்ட 34 நீண்டகால நோய்களுக்கு, தகுதியுள்ள தொழிலாளிக்கு 80 சதவீத ஊதியம் இரண்டாண்டு வரை கிடைக்க வழியுண்டு. 1948ஆம் ஆண்டின் இஎஸ்ஐ சட்டத்தின் 73ஆம் பிரிவு, நோய்க்கால உதவி பெறுகிறவரை அந்தக் காலத்தில் வேலையை விட்டு நீக்குவதைத் தடுத்தது. இவை எல்லாம் வேலைக்கு வர முடியாமல் படுத்துவிட்டவருக்கானவை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பணியிடத்தில் நியாயமான வசதி செய்து தருவதைப் பற்றிப் பேசினாலும், அதன் 21 வகைப் பட்டியலில் தலசீமியா, ஹீமோபிலியா, பார்க்கின்சன் ஆகியவை இருக்கின்றனவே தவிர நீரிழிவும் இரத்த அழுத்தமும் இல்லை. ஆக, வேலை செய்யும் தெம்பும் விருப்பமும் உள்ளவர், உரிய நேரத்தில் சாப்பாடு, ஒரு ஸ்டூல், மாதத்தில் அரை நாள் மருத்துவமனை என்ற அளவிலான சின்ன ஏற்பாட்டுக்குக்கூட முதலாளியின் மனத்தையே நம்பியிருக்க வேண்டியுள்ளது.

நான் முன்வைக்கும் யோசனை இதுதான். ஆலைக்கு வரும் மருத்துவக் குழுவோ, இஎஸ்ஐ மருத்துவரோ, நோயின் பெயரைக் குறிப்பிடாமல், 'இவருக்கு மதிய உணவு தள்ளிப்போகக் கூடாது', 'இவரை இரவு ஷிப்டில் போட வேண்டாம்', 'தொடர்ந்து நிற்க வைக்கக் கூடாது' என்பதுபோலத் தேவையான ஏற்பாட்டை மட்டும் எழுதித் தரும் சீட்டு ஒன்றை வழங்க வேண்டும். அதை ஏற்று நடப்பது நிர்வாகத்தின் கடமை என்று தொழிலாளர் துறை விதி வகுக்க வேண்டும். மாத்திரை வாங்கவும் பரிசோதனைக்கும் போகும் அரை நாளுக்காக அட்டெண்டன்ஸ் போனஸை வெட்டக் கூடாது என்பதையும் அதே விதியில் சேர்க்கலாம். கடைகளிலும் நிறுவனங்களிலும் நின்றே வேலை செய்பவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021இல் சட்டத்தைத் திருத்திய மாநிலம் இது. இதுவும் அதன் கைக்கு எட்டாத காரியம் அன்று.

ஆளுக்கு ஒரு சலுகை கொடுத்தால் உற்பத்தி கெடும் என்று நிர்வாகங்கள் சொல்லக்கூடும். கைதேர்ந்த டெய்லர் கிடைக்காமல் திருப்பூர் தவிப்பது அவர்களுக்கே நன்றாகத் தெரியும். பல ஆண்டுகள் தைத்துப் பழகிய ஒருவர் உடம்பு தாங்காமல் நின்றுவிட்டால், புதியவரைப் பழக்கி அதே வேகத்துக்குக் கொண்டுவர எத்தனை வாரம் ஆகும் என்பதையும், அதுவரை அந்த லைனில் வேலை எப்படித் தேங்கும் என்பதையும் கணக்குப் பார்த்தால், சாப்பாட்டு மணியைத் தள்ளாமல் இருப்பது அவர்களுக்கே லாபம்.

சுகாதாரத் துறையும் தொழிலாளர் துறையும் சேர்ந்து, பரிசோதனை முகாம் நடக்கும் ஆலைகள் சிலவற்றில் முதலில் இந்தச் சீட்டு முறையைச் சோதித்துப் பார்க்க ஆணையிட வேண்டும் எனத் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பணியாளர் நல அலுவலர் ஒருவர்,
திருப்பூர்.