மலேரியாவும் பிள்ளைகளின் தாடைக் கட்டியும்: எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலேரியா வந்த குழந்தைகளுக்குப் புற்றுநோய் வரலாம் என்று தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் வந்த செய்தியைப் படித்துவிட்டு, காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பெற்றோர் பலர் கலங்கிப்போயிருக்கிறார்கள். என்றைக்கோ ஒருமுறை குளிர்காய்ச்சல் வந்து, மாத்திரை சாப்பிட்டுத் தேறிய பிள்ளைக்கும் ரத்தத்தில் எல்லாச் சோதனையும் எடுத்துவிடுங்கள் என்கிறார்கள். செய்தியில் சொன்னது பொய்யல்ல. ஆனால் எந்த மலேரியா, எந்த ஊர்ப் பிள்ளை, எத்தனை வருடம் என்ற மூன்றையும் விட்டுவிட்டுச் சொன்னதால் ஊரே தேவையில்லாத இடத்தில் பயப்படுகிறது. பயப்பட வேண்டிய இடத்தைக் கவனிக்காமல் விடுகிறது.

செய்தி குறிப்பிட்டது பர்கிட் லிம்போமா என்ற புற்றுநோய். ரத்த வெள்ளணுக்களில் பி செல் என்ற வகையில் தோன்றுவது. டெனிஸ் பர்கிட் என்ற அயர்லாந்து அறுவை மருத்துவர் உகாண்டாவின் கம்பாலா நகரில் முலாகோ மருத்துவமனையில் பணியாற்றியபோது, தாடை வீங்கிய குழந்தைகளைப் பார்த்து 1958-ல் இதைப் பற்றி எழுதினார். 1961-ல் இரண்டு நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு பழைய காரில் கிழக்கு, தென் ஆப்பிரிக்கப் பகுதிகளில் சுமார் 10,000 மைல் சுற்றி, வழியிலுள்ள மருத்துவமனைகளில் எல்லாம் இந்த நோய் உண்டா என்று விசாரித்தார். விசாரித்ததை வரைபடத்தில் குறித்தபோது ஓர் ஒழுங்கு தெரிந்தது. சுமார் 1,500 மீட்டருக்கு மேலுள்ள மலைப்பகுதியில் நோய் இல்லை, குளிர் அதிகமான இடத்தில் இல்லை, மழை குறைந்த வறண்ட நிலத்திலும் இல்லை. மலேரியாக் கொசு பெருகும் எல்லையும் ஏறக்குறைய அதுவேதான். பப்புவா நியூ கினியாவிலும் மலேரியா மிகுந்த பகுதிகளில் இதே நோய் காணப்படுகிறது.

ஆனால் மலேரியா மட்டும் இதைச் செய்வதில்லை. பர்கிட் லண்டனில் பேசியதைக் கேட்ட ஆந்தனி எப்ஸ்டீன் என்ற ஆய்வாளர், கட்டியின் துணுக்குகளை வரவழைத்து ஆராய்ந்தார். 1964-ல் அவரும் பெர்ட் அச்சோங், இவோன் பார் இருவரும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஒரு வைரஸைக் கண்டார்கள். எப்ஸ்டீன்-பார் வைரஸ் என்கிற இது எச்சில் வழியாகப் பரவும். உலகில் பெரியவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் இது உடம்பில் உண்டு, நம் பிள்ளைகளுக்கும் பெரும்பாலும் சிறு வயதிலேயே வந்துவிடுகிறது. வந்தால் வாழ்நாள் முழுவதும் பி செல்லுக்குள் தூங்கிக்கிடக்கும். அதனால் பயந்துபோய் இந்த வைரஸுக்கான சோதனை எடுப்பதில் பயனே இல்லை. வைரஸ் இருக்கிறது என்றுதான் வரும், அதை வைத்து யாரும் எதுவும் செய்வதற்கில்லை.

தூங்கும் வைரஸைப் புற்றுநோய் வரை இழுத்துப்போவது மலேரியாவுக்கு எதிரான நம் உடம்பின் எதிர்ப்பு சக்திதான். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஃபால்சிபாரம் என்ற கடுமையான வகை மலேரியா ஆண்டு முழுவதும் அடிக்கும் ஊர்களில், பிறந்த குழந்தைக்குத் தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் பொருள் சில மாதம் காவல் இருக்கும். அது தேய்ந்தபின், சுமார் ஐந்து வயது வரை கடுமையான மலேரியாவும் சாவும். அந்தக் கண்டம் தாண்டிய பிள்ளைக்கு ஒருவகை எதிர்ப்பு உருவாகிவிடுகிறது. ஆனால் அது அம்மைக்கு வருவதுபோல் கிருமியை அடியோடு விரட்டும் எதிர்ப்பல்ல. கிருமி தன் மேலுறைப் புரதத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். அதற்கென்றே சுமார் 60 மரபணுக்கள் வைத்திருக்கிறது. உடம்பு ஒவ்வொரு உறையாகப் பழகிப் பழகிக் காய்ச்சலைத்தான் அடக்குகிறது, கிருமியை ஒழிப்பதில்லை. அதனால் ஓடியாடி விளையாடுகிற, பள்ளிக்கூடம் போகிற பிள்ளையின் ரத்தத்தில் ஒரே நேரத்தில் பல வகைக் கிருமிகள் மாதக்கணக்கில் இருக்கும். பர்கிட் லிம்போமா அதிகம் வருவது இந்தக் கட்டத்தில், ஏறக்குறைய 4 முதல் 9 வயதுக்குள்தான். கைக்குழந்தைக்கு அபூர்வம். பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளுக்கு அதிகம்.

காய்ச்சல் இல்லாத அந்த வருடங்களில் பிள்ளையின் உடம்புக்குள் மூன்று காரியங்கள் நடக்கின்றன. கிருமியின் உறைப்புரதம் பி செல்களைத் தொடர்ந்து கிளறுவதால் அவை பெருகுகின்றன, உள்ளே தூங்கும் வைரஸும் விழித்துப் பெருகுகிறது. இரண்டாவது, அந்த வைரஸை அடக்கி வைக்க வேண்டிய டி செல் என்ற வெள்ளணுக்கள் மலேரியாக் காலத்தில் தளர்ந்துவிடுகின்றன. காம்பியாவில் செய்த ஆய்வு இதை 1984-லேயே காட்டியது. மூன்றாவதுதான் வினையானது. மண்ணீரலிலும் நிணநீர் நெறிகளிலும் பி செல்கள் கூர்மையான எதிர்ப்புப் பொருள் தயாரிக்கத் தங்கள் மரபணுவைத் தாங்களே வெட்டித் திருத்திக்கொள்ளும். வெட்டுகிற கத்தரியின் பெயர் ஏ.ஐ.டி. என்னும் நொதி. கிருமி ஓயாமல் இருப்பதால் கத்தரியும் ஓய்வதில்லை. ஏதோ ஒரு நாள் தவறான இடத்தில் வெட்டு விழுந்து, 8-ஆம் குரோமோசோமிலுள்ள மிக் என்ற மரபணு 14-ஆம் குரோமோசோமில் போய் ஒட்டிக்கொள்கிறது. பர்கிட் கட்டிகளில் ஏறக்குறைய 80 விழுக்காட்டில் இந்த மாற்றம்தான் இருக்கும், மீதியில் 2-ஆம் அல்லது 22-ஆம் குரோமோசோமின் துண்டு அதே மிக்கின் பக்கத்தில் வந்து ஒட்டியிருக்கும். செல்லைப் பெருகச் சொல்லும் மரபணு அது. பிறகு நிறுத்த ஆளில்லை.

இதெல்லாம் வெறும் ஊகம்தானே என்று கேட்பவர்களுக்கு ஒரு சான்று. தாய் தகப்பன் இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும், சிவப்பணுவை அரிவாள்போல் வளைக்கும் அரிவாள் செல் மரபணுவைப் பெற்ற பிள்ளைகளுக்குக் கடும் மலேரியா குறைவு என்பது பழைய செய்தி. கிழக்கு ஆப்பிரிக்காவில் அந்தப் பிள்ளைகளுக்குப் பர்கிட் லிம்போமாவும் குறைவாகவே வருகிறது. சிவப்பணுவின் மரபணுவுக்கும் வெள்ளணுப் புற்றுக்கும் நேரான உறவு எதுவும் கிடையாது. இடையில் மலேரியா இருந்தால்தான் கணக்கு ஒத்துவரும். எனக்கு இதுவே மற்றவற்றைவிட வலுவான சான்றாகத் தோன்றுகிறது. தான்சானியாவின் மாரா பகுதியில் 1977 முதல் 1982 வரை பிள்ளைகளுக்குக் குளோரோகுயின் என்ற மலேரியா மருந்தைக் கொடுத்துப் பார்த்தபோது புற்று குறைந்ததும், பிறகு ஏறியதும் உண்மை. ஆனால் சோதனை தொடங்குமுன்பே எண்ணிக்கை இறங்க ஆரம்பித்திருந்ததால் அதை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது. 2012-ல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, ஃபால்சிபாரம் மலேரியா ஓயாமல் அடிக்கும் பகுதிகளில் அதை "புற்றுநோயை அநேகமாக உண்டாக்கக்கூடியது" என்ற பிரிவில் வைத்தது. அங்கேயும் ஆண்டுக்கு ஒரு லட்சம் பிள்ளைகளில் 5 முதல் 10 பேருக்குத்தான் இந்தப் புற்று வருகிறது.

இனி நம் ஊர். தமிழ்நாட்டில் வருவது பெரும்பாலும் வைவாக்ஸ் என்ற வேறு வகை மலேரியா. அதற்கு மேற்சொன்ன உறவு நிறுவப்படவில்லை. ஒருமுறை, இரண்டுமுறை வந்து மருந்தில் தீர்ந்த மலேரியாவால் உங்கள் பிள்ளைக்கு லிம்போமா வரும் என்று பயப்பட ஆதாரம் எதுவும் கிடையாது. செய்ய வேண்டியது மருந்தை முடிப்பது. 15 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 150 மில்லிகிராம் குளோரோகுயின் மாத்திரை முதல் நாள் ஒன்று, இரண்டாம் நாள் ஒன்று, மூன்றாம் நாள் பாதி. அதோடு கல்லீரலில் உறங்கும் கிருமிக்குப் பிரிமாகுயின், கிலோவுக்கு தினமும் 0.25 மில்லிகிராம் வீதம் 14 நாள். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும் பிரிமாகுயினை நிறுத்திவிடுகிறார்கள். கல்லீரலில் உறங்கும் கிருமி சில வாரமோ சில மாதமோ கழித்து மறுபடி கிளம்புகிறது. கொசு புதிதாகக் கடித்தது என்று அப்போது பழி போடுவார்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பிரிமாகுயின் கூடாது. ஜி6பிடி என்ற நொதி குறைந்த பிள்ளைக்கு இது சிவப்பணுவை உடைக்கும். சிறுநீர் காப்பி நிறத்தில் போனால் அந்த வேளையே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

ஃபால்சிபாரம் நம் பக்கத்துக்கு வரும் வழி வேறு. செட்டிநாட்டு வீடுகளைப் புதுப்பிக்கவும், கட்டட வேலைக்கும், செங்கல் சூளைக்கும் ஒடிசா, ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் மாநிலங்களிலிருந்து குடும்பத்தோடு வருகிறார்கள். அங்கே சில மலைப்பகுதிகளில் ஃபால்சிபாரம் அதிகம். அந்தப் பிள்ளைகளுக்கு மேலே சொன்ன பாதி எதிர்ப்பு இருக்கக்கூடும். காய்ச்சல் இல்லை என்பதால் ரத்தம் எடுப்பதில்லை. எடுத்தாலும், விரல் நுனி ரத்தத்தில் செய்யும் துரிதச் சோதனை, கிருமி மிகக் குறைவாக இருந்தால் இல்லை என்றே காட்டும். தடித்த ரத்தப் பூச்சு எடுத்து நுண்ணோக்கியில் பொறுமையாக 100 பார்வைப் புலமாவது பார்க்கிறவர் வேண்டும். வேலை தொடங்கும் நாளிலேயே தொழிலாளி, மனைவி, பிள்ளைகள் அனைவருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாக ரத்தப் பூச்சு எடுக்க ஒப்பந்தக்காரர்கள் ஏற்பாடு செய்ய வேண்டும். அவர்களை ஒதுக்கி வைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. கிருமியைச் சுமப்பவர்களில் முதலில் மருந்து கிடைக்க வேண்டியது அந்தப் பிள்ளைகளுக்குத்தான்.

கொசுவுக்கு இங்கே இடத்துக்குக் குறைவில்லை. நகர மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் ஸ்டெபன்சி சாக்கடையை நாடாது. கிணறு, மேல்நிலைத் தொட்டி, மழைநீர்த் தொட்டி என்று நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். கல்யாணத்துக்கும் படைப்புக்கும் மட்டும் திறக்கிற வீடுகளின் வளவிலுள்ள தொட்டிகளும் உள்கிணறுகளும் வருடம் முழுக்க அதற்கு வசதி. தொட்டியை எட்டிப் பாருங்கள். புழு தண்ணீரின் மேல்மட்டத்தோடு படுத்தாற்போல் கிடந்தால் அனாபிலிஸ், தலைகீழாகத் தொங்கினால் டெங்குக் கொசுவோ சாதாரணக் கொசுவோ. முட்டை கொசுவாக 7 முதல் 10 நாள் ஆகும் என்பதால் வாரம் ஒருமுறை தொட்டியை வற்றவைத்தால் போதும். வற்றவைக்க முடியாத கிணற்றில் கொசுப்புழு தின்னும் கம்பூசியா மீன் விடலாம். ஊருணியிலும் கண்மாயிலும் அதை விடவே கூடாது, நாட்டு மீன் குஞ்சுகளைத் தின்றுவிடும். தொட்டி மூடியை மட்டும் சரிசெய்துவிட்டு நிரம்பி வழியும் குழாயின் வாயைத் திறந்து விடுகிறார்கள். அதற்கும் வலை கட்ட வேண்டும்.

கடைசியாக, பயப்பட வேண்டிய இடம். மலேரியாவே வராத பிள்ளைக்கும் பர்கிட் லிம்போமா வரும். நம் நாட்டில் அது பெரும்பாலும் வயிற்றில், சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் தொடங்குகிறது. சில பிள்ளைகளுக்குத் தாடையில். மனிதப் புற்றுகளில் இவ்வளவு வேகமானது அரிது. ஓரிரு நாளில் இரட்டிப்பாகக்கூடும். தாடை வீங்கினால் பொன்னுக்கு வீங்கி என்று தங்கச் சங்கிலி போட்டு, பத்துப் போட்டுக் காத்திருப்பது நம் வழக்கம். பொன்னுக்கு வீங்கியில் காதின் கீழ் வீங்கும், காய்ச்சல் இருக்கும், மெல்லும்போது வலிக்கும், பத்து நாளுக்குள் வற்றும். பர்கிட் கட்டியிலோ எலும்பே பருக்கும், வலி அதிகம் இருக்காது, சொத்தையில்லாத கடைவாய்ப் பல் ஆடும். பல்லைப் பிடுங்கினால் அந்தக் குழியிலிருந்து சதை வளரும். வயிற்றில் என்றால் வலி, வாந்தி, வாரத்துக்குள் இறுகும் வயிறு. நான்கு வயதைத் தாண்டிய பிள்ளைக்குக் குடலுக்குள் குடல் செருகிக்கொண்டால், ஏன் என்று ஸ்கேனில் தேடியே ஆக வேண்டும்.

எங்கள் துறை நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்ன கட்டி என்று தெரியுமுன் டெக்சாமெத்தசோன், பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு கொடுக்காதீர்கள். இரண்டே நாளில் கட்டி சுருங்கும், பெற்றோர் மகிழ்வார்கள், ஆனால் அதன்பின் எடுக்கும் சதைத் துணுக்கில் நோயை அடையாளம் காண முடியாமல் போகலாம். அதைவிட மோசம், செல்கள் கூட்டமாக உடைந்து பொட்டாசியமும் யூரிக் அமிலமும் ஏறி, சிறுநீரகமும் இதயமும் நின்றுபோகலாம். ஊசியால் உறிஞ்சி எடுத்த செல்லிலேயே அன்றைக்கே ஓரளவு தெரிந்துவிடும். இந்தக் கட்டி என்ற சந்தேகம் வந்தால் பொட்டாசியம் கலக்காத திரவம், உடற்பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 3 லிட்டர். 20 கிலோ பிள்ளைக்கு ஏறக்குறைய 2.4 லிட்டர். சிறுநீர் மணிக்கு 80 மில்லியாவது போக வேண்டும். யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அலோப்யூரினால் மருந்தைத் தொடங்கி, பொட்டாசியம், பாஸ்பேட், கால்சியம், யூரிக் அமிலம், கிரியேட்டினின் ஆறு முதல் எட்டு மணிக்கொருமுறை பார்க்க வேண்டும். யூரிக் அமிலத்தைக் கரைக்கும் ராஸ்புரிகேஸ் மருந்து கொடுப்பதானால் ஜி6பிடி பார்க்காமல் கொடுக்கக் கூடாது. பிரிமாகுயினில் சிவப்பணு உடையும் அதே விபத்துதான் இதிலும் வரும்.

காலத்தில் போய்ச் சேர்ந்த பிள்ளைகளில், நல்ல வசதியுள்ள மையங்களில் பத்துக்கு ஒன்பது பேர் குணமாகிறார்கள். மதுரைக்கோ சென்னைக்கோ கிளம்பும்போது ரிப்போர்ட் காகிதத்தோடு சதைத் துணுக்கின் கண்ணாடித் தகடுகளையும் மெழுகுக் கட்டியையும் ஆய்வகத்தில் கேட்டு வாங்கிப் போனால், அங்கே மறுபடி அறுக்கக் காத்திருக்கும் நாட்கள் மிச்சமாகும். தாடை, பல், வயிறு பற்றிய இந்த அடையாளங்களையாவது தங்கள் மருத்துவப் பக்கத்தில் கட்டம் கட்டி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
குழந்தை நல மருத்துவர்,
காரைக்குடி