முதல் செல்லுக்கு எவ்வளவு உயரம்?

அன்புள்ள முரளி,

உன் கடிதம் கிடைத்தது. பம்ப்பை விட்டுவிட்டு கார் ஏரோடைனமிக்ஸ் பக்கம் போய்விட்டாய் என்பதில் ரொம்ப மகிழ்ச்சி. இங்கே நாங்கள் இன்னும் இம்பெல்லரோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறோம். அப்பாவுக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்தது. இப்போது பேப்பரில் வரி விளம்பரம் வரை விடுவதில்லை.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். காற்றோட்டத்தைக் கம்ப்யூட்டரில் கணக்கிட, மாதிரியைச் சுற்றியுள்ள இடத்தைச் செல் என்னும் சின்னச் சின்னக் கட்டங்களாக (மெஷ்) பிரிக்கிறாய். அகமது பாடிக்கு (கால்கள் மேல் நிற்கும், கார் போன்ற எளிய சோதனை மாதிரி) சுவரை, அதாவது அதன் மேற்பரப்பை, ஒட்டிய முதல் செல் உயரத்தைக் கணக்கிட எந்த நீளத்தை எடுப்பது, உடம்பின் நீளமா, காலின் விட்டமா என்று கேட்டிருந்தாய். போட்டே பார்த்துவிடுவோம். நீளம் 1.044 மீட்டர், காற்று வினாடிக்கு 40 மீட்டர் என்றால் ரெய்னால்ட்ஸ் எண் (வேகம், நீளம் இரண்டின் பெருக்கலைக் காற்றின் பாகுத்தன்மையோடு ஒப்பிடும் எண்) சுமார் 28 லட்சம். தட்டைத் தகட்டுக்கான சூத்திரத்தில் 0.058-ஐ அந்த எண்ணின் ஐந்தாம் மூலத்தால் வகுத்தால் உராய்வுக் குணகம் 0.003. அதிலிருந்து உராய்வுத் திசைவேகம் (சுவர் உராய்வை வேகமாக மாற்றிச் சொல்வது) வினாடிக்கு 1.54 மீட்டர். ஒய் பிளஸ் (சுவரிலிருந்து உள்ள தூரத்தை அந்தத் திசைவேகத்தையும் பாகுத்தன்மையையும் வைத்து அலகில்லாமல் சொல்லும் எண்) 1 வேண்டுமென்றால் சுவரிலிருந்து தூரம் 0.01 மி.மீ. இப்போது 30 மி.மீ. விட்டமுள்ள காலை வைத்துப் போடு. நீளம் 35 மடங்கு சுருங்கிவிட்டது, விடையோ 0.007 மி.மீ., அவ்வளவுதான்! விடையில் நீளத்தின் அடுக்கு வெறும் 0.1. வேகத்தின் அடுக்கு -0.9. ஆகவே முன்பக்க வளைவில் காற்று எங்கே வேகமெடுக்கிறது என்பதைப் பற்றிக் கவலைப்படு, நீளத்தை விட்டுவிடு.

செல்லின் நடுவில் மதிப்பை வைக்கும் சால்வர் (ஓட்டத்தைக் கணக்கிடும் மென்பொருள்) என்றால் உயரம் இரட்டிப்பு, 0.02 மி.மீ. அங்கிருந்து 1.2 வளர்ச்சி விகிதத்தில் 20 மி.மீ. பவுண்டரி லேயரை (சுவரை ஒட்டி வேகம் குறையும் காற்றுப் படலம்) மூட 30 லேயர், அதாவது 30 செல் அடுக்கு, வேண்டும். வால் ஃபங்ஷனை (சுவருக்கு மிக அருகில் உள்ள ஓட்டத்தைக் கணக்கிடாமல் சூத்திரத்தால் நிரப்பும் முறை) நம்பி ஒய் பிளஸ் 50-க்குப் போனால் முதல் செல் 1 மி.மீ., ஒன்பதே லேயர். உன் கம்ப்யூட்டர் எதைத் தாங்கும் என்று உனக்குத்தான் தெரியும்.

ஆனால் ஒன்பதோடு நிம்மதியாக இருந்துவிட முடியாது. பின்பக்கச் சரிவு 25 டிகிரி என்றால் ஓட்டம் மேல்விளிம்பில் பிரிந்து, கீழே போய் மறுபடி ஒட்டும். பிரிந்த இடத்தில் சுவர் உராய்வு சரிந்துவிடும். கூரையில் 50 காட்டிய அதே செல் உயரம் சரிவில் 5-க்கும் 30-க்கும் நடுவே மாட்டிக்கொள்ளும். அங்கே சுவருக்கு மிக அருகில் வேகத்தைச் சொல்லும் நேர்கோட்டு விதியும் செல்லாது, சற்றுத் தள்ளிச் சொல்லும் மடக்கை விதியும் செல்லாது. எந்தச் சூத்திரமும் இதை முன்கூட்டிச் சொல்லாது. நாம் போட்ட சூத்திரம் பிரியாத ஓட்டத்துக்கு, அதுவும் தட்டைத் தகட்டுக்கு எழுதியது. முதலில் கொஞ்சம் பெரிய செல்களோடு ஒரு ரன் ஓட்டி, ஒய் பிளஸ்ஸை மேற்பரப்பில் வண்ணமடித்துப் பார். சராசரியைப் பார்க்காதே, அது எல்லாவற்றையும் மறைத்துவிடும்.

இன்னொன்று. ஸ்னாப்பிஹெக்ஸ்மெஷ் என்ற மெஷ் போடும் மென்பொருளில் லேயர் போடுகிறாய் என்றால், கால்கள் உடம்போடு சேரும் மூலையில் அது சத்தமில்லாமல் லேயரைக் கைவிட்டுவிடும். நீ தசமப் புள்ளி வரை கணக்கிட்ட உயரம் அங்கே இருக்கவே இருக்காது. மெஷ் படம் அனுப்பும்போது அந்த மூலையின் வெட்டுமுகத்தையும் சேர்த்து அனுப்பு.

அப்புறம், பொங்கலுக்கு வருகிறாயா? அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறார். டிக்கெட் கிடைத்ததும் தேதியைச் சொல், ஸ்டேஷனுக்கு வருகிறேன்.

அன்புடன்,
சேகர்