லாக் புக்கில் கையெழுத்து மட்டும் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ முடித்தவர்களுக்கான துணை மருத்துவப் படிப்புகள் குறித்துத் தங்கள் இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். மருத்துவரின் மேற்பார்வையில் நோயாளிகளைக் கவனிக்க உதவும் பிசிஷியன் அசிஸ்டென்ட் பணிக்கான படிப்புக்கு எத்தனை ஆண்டு, படித்தால் எங்கே வேலை, தொடக்கச் சம்பளம் எவ்வளவு என்றெல்லாம் அதில் விரிவாக இருந்தது. அந்த மாணவர்களுக்கு யார் கற்பிக்கிறார்கள், எங்கே வைத்துக் கற்பிக்கிறார்கள் என்பது மட்டும் இல்லை. பொது மருத்துவராக ஓ.பி. பார்த்துக்கொண்டே 14 ஆண்டுகளாக இவர்களுக்குக் கற்பித்து வருபவன் என்ற முறையில் அதைப் பற்றி எழுத விரும்புகிறேன்.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் 1965-ஆம் ஆண்டு டாக்டர் யூஜின் ஸ்டெட் இப்படிப்பைத் தொடங்கியபோது, முதலில் சேர்ந்த நால்வரும் கடற்படையில் மருத்துவப் பணி செய்து திரும்பியவர்கள். நோயாளியைத் தொட்டுப் பழகிய கைகளோடுதான் அவர்கள் வகுப்பறைக்கு வந்தார்கள். இந்தியாவில் 1992-இல் சென்னை மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் இதய அறுவை மருத்துவர் கே.எம்.செரியன் இதைத் தொடங்கினார். இன்று எங்களிடம் வருபவர்களோ பள்ளியை முடித்த 18 வயதுப் பிள்ளைகள். நோயாளியை எப்படிப் பார்ப்பது, எப்படித் தொடுவது, எப்படிக் கேட்பது என்பது முழுவதையும் நாங்கள்தான் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. அதைப் புத்தகத்தை வைத்துக்கொண்டு சொல்லித்தர முடியாது.

ஒரு நாள் காலை ரவுண்ட்ஸின்போது, மூன்றாம் ஆண்டு மாணவி ஒருவர் ஒரு முதியவரின் கேஸ் ஷீட்டில் நாடித்துடிப்பு 88 என்று எழுதியிருந்தார். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கியிருக்கிறார். நான் பெரியவரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, மாணவியை ஸ்டெதாஸ்கோப்பை மார்பில் வைத்து, அதே ஒரு நிமிடம் முழுவதும் எண்ணச் சொன்னேன். எனக்குக் கிடைத்தது 84. அவருக்குக் கிடைத்தது 110. துடிப்பு தாறுமாறாக இருந்ததால், வலுவற்ற துடிப்புகள் மணிக்கட்டுவரை வந்து சேரவில்லை. ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்ததில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உறுதியானது. இதயத்தில் ரத்தம் உறைந்து பக்கவாதம் வரை கொண்டுபோகக்கூடிய கோளாறு அது. அந்தப் பாடத்தை அவர் வகுப்பில் படித்துத் தேர்விலும் எழுதியிருந்தார். இரண்டு எண்களும் வெவ்வேறாக வந்த அந்த நிமிடத்தில்தான் அவர் முகத்தில் புரிந்த தெளிவைக் கண்டேன்.

கேட்கும் முறையும் அப்படித்தான். "வேறு ஏதாவது மருந்து எடுக்கிறீர்களா?" என்றால் பெரும்பாலானோர் இல்லை என்றே சொல்வார்கள். "மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போடுவதுண்டா?" என்று கேட்டால், சிறுநீரகப் பாதிப்பைக் காட்டும் கிரியாட்டினின் அளவு ரத்தத்தில் ஏன் ஏறியது என்பதற்கான விடை பல நேரங்களில் அங்கேயே கிடைத்துவிடும். அன்றாடம் நோயாளிகளிடம் பேசிக்கொண்டிருப்பவருக்குத்தான் இப்படிக் கேட்கத் தோன்றும். ஆகவேதான் இம்மாணவர்களின் ஆசிரியர் நோயாளியைப் பார்ப்பதை நிறுத்திவிட்டவராக இருக்கக் கூடாது என்று வற்புறுத்துகிறேன்.

நடைமுறை வேறு விதமாக இருக்கிறது. நான் முன்பு பணியாற்றிய ஒரு மருத்துவமனையில், இன்டர்ன்ஷிப்புக்கு வந்த மாணவர்கள் நாள் முழுவதும் கணினி முன் அமர்ந்து டிஸ்சார்ஜ் சம்மரி அடித்துக்கொண்டிருந்தார்கள். அப்படி அடிக்கப்பட்ட ஒன்றில், வார்டில் நாங்கள் நிறுத்திய ரத்த அழுத்த மாத்திரை பழைய குறிப்பிலிருந்து அப்படியே வந்துவிட்டது. மருந்தகத்தில் இருந்தவர் கவனித்துக் கேட்டதால் நோயாளிக்குத் தீங்கு நேரவில்லை. அதை அடித்த மாணவர் அந்த நோயாளியை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. கீழே இருந்த கையெழுத்து என்னுடையது. அன்றைய அவசரத்தில் வரிவரியாகப் படிக்காமல் போட்டது. அந்தத் தவறு இன்றும் என்னை உறுத்துகிறது.

அன்று எனக்கு இருந்த நெருக்கடி இன்று கற்பிக்கும் மருத்துவர் பலருக்கும் இருக்கிறது. ஓ.பி.யில் 60 பேர் காத்திருக்கும்போது, ஒரு மாணவரை நிறுத்தி நாடியை எண்ணச் செய்யும் ஐந்து நிமிடம் யாருடைய கணக்கிலும் ஏறுவதில்லை. டியூட்டி ரோஸ்டரில் கற்பித்தலுக்கு இடமே கிடையாது. மாணவர் செய்த பயிற்சிகளைப் பதிந்து மருத்துவரிடம் கையெழுத்து வாங்கும் லாக் புக்கோ கடைசி வாரத்தில் மொத்தமாக வருகிறது. மாணவர் செய்ததைப் பார்த்தவர் ஒருவர், கையெழுத்திடுபவர் இன்னொருவர்.

2021-இல் நிறைவேற்றப்பட்ட துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின் அட்டவணையில் இத்தொழிலும் இடம்பெற்றுள்ளது. பதிவும் பாடத்திட்டமும் சீராகிவரும் இவ்வேளையில், கட்டிலருகே கற்பிக்கும் நேரத்தை மருத்துவரின் பணிநேரமாகவே கணக்கிட வேண்டும் என்றும், ஒரு மருத்துவரிடம் ஒரே வேளையில் நான்கைந்து மாணவர்களுக்கு மேல் விடக் கூடாது என்றும், லாக் புக்கின் ஒவ்வொரு பதிவிலும் அதை நேரில் பார்த்தவரே அன்றைக்கே கையெழுத்திட வேண்டும் என்றும் விதி வகுக்கப்பட வேண்டும். சேர்க்கைக்காகக் கல்லூரி தேடும் பெற்றோரும், எத்தனை மாடிக் கட்டடம் என்று பார்ப்பதோடு, வார்டில் தங்கள் பிள்ளைக்கு யார் கற்பிப்பார் என்றும் கேட்க வேண்டும். தங்கள் இதழின் அடுத்த கல்விச் சிறப்பிதழில் இந்தக் கேள்விக்கும் ஒரு பக்கம் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பொது மருத்துவர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.