ஹால் சுவருக்கு ஒரு தனி லைன்: பில்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் அடுக்குமாடி கட்டி விற்கும் பில்டர்களுக்கும், அவர்களிடம் வேலை பார்க்கும் சைட் இன்ஜினியர்களுக்கும், எலக்ட்ரிக்கல் கான்ட்ராக்ட் எடுக்கும் அண்ணன்மாருக்கும்,

வணக்கம்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். அடுத்து நீங்கள் போடப்போகும் டிராயிங்கில், ஹாலில் டிவி மாட்டும் சுவருக்கு டிபியிலிருந்து (வீட்டுக்கு வரும் கரண்ட்டைப் பிரித்து அனுப்பும் பெட்டியிலிருந்து) நேராக ஒரு தனி லைன் இழுங்கள். அதற்கென்று ஒரு எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானே விழும் சுவிட்ச்), 4 ஸ்கொயர், அதாவது 4 சதுர மில்லிமீட்டர் காப்பர் ஒயர், கூடவே அதே அளவில் எர்த்துக்குப் பச்சை ஒயர், நடுவில் எந்த போர்டிலும் லூப் அடிக்காமல், அதாவது கிளை எடுக்காமல். அவ்வளவுதான். ஏசிக்குத் தனி லைன் கொடுக்கிறீர்கள், கீசருக்குக் கொடுக்கிறீர்கள், இன்வெர்ட்டருக்கு வீடு முழுக்கத் தனியாக யுபிஎஸ் லைனே இழுத்துத் தருகிறீர்கள், அதுவும் யாரும் கேட்காமலே. பாட்டுக் கேட்கிற சுவருக்கு மட்டும் பக்கத்து போர்டிலிருந்து ஒரு துண்டு ஒயரைக் கடன் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போகிறீர்கள்.

இதை வெறும் குறையாகச் சொல்லவில்லை. என் வீட்டு ஹால் போர்டைக் கழற்றிப் பார்த்ததால் சொல்கிறேன். கட்டியவர் பெயர் இங்கே வேண்டாம், அவர் ஒருவர் மட்டும் இப்படிச் செய்கிறவரும் இல்லை. ஆம்ப்ளிஃபையரைப் போட்டால் பாட்டு இல்லாதபோதும் ஸ்பீக்கரில் "ம்ம்ம்" என்று ஒரு ஹம். ஆம்ப்ளிஃபையரின் உலோகப் பெட்டியில் புறங்கையை வைத்து இழுத்தால் சுருசுருவென்று ஒரு கூச்சம், டெஸ்டரை வைத்தால் மங்கலாக எரிகிறது. மெயினை அணைத்துவிட்டு போர்டைத் திறந்தால், மூன்று பின் சாக்கெட்டில் எர்த்துக்கான மேல் ஓட்டையில் ஒயரே இல்லை. பச்சை ஒயர் பெட்டிக்குள் இருக்கிறது, நுனியை வெட்டிச் சுருட்டி ஓரமாக வைத்திருக்கிறார்கள். ஃபேசும் நியூட்ரலும் ஃப்ரிட்ஜ் போர்டிலிருந்து லூப் ஆகி வருகின்றன, அதுவும் ஒன்றரை ஸ்கொயர் ஒயரில். ஃப்ரிட்ஜ் ஓய்வெடுக்கும்போதெல்லாம் ஸ்பீக்கரில் "டப்" என்று கேட்டதன் காரணம் அங்கேயே தெரிந்துவிட்டது.

அந்த மங்கலான டெஸ்டர் வெளிச்சத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் சைட்டில் கேட்டால் "அது ஒண்ணும் இல்ல சார், ரிட்டர்ன் கரண்ட்" என்று முடித்துவிடுகிறார்கள். இன்றைக்கு வரும் மூன்று பின் எலக்ட்ரானிக் சாமான்களில் பெரும்பாலானவற்றின் பவர் சப்ளையில், ஃபேசிலிருந்து ஒன்றும் நியூட்ரலிலிருந்து ஒன்றுமாக இரண்டு சின்னக் கெப்பாசிட்டர்கள் பெட்டியின் உடம்புக்குப் போகும். உள்ளே உண்டாகும் இரைச்சலை எர்த்துக்கு அனுப்பத்தான் அவை. எர்த் ஒயர் இல்லையென்றால் அந்தப் பெட்டி ஃபேசுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் தொங்கும், அதாவது 230 வோல்ட்டில் பாதி, கிட்டத்தட்ட 115 வோல்ட். கரண்ட் மிகக் குறைவு, ஆளைக் கொல்லாது. ஆனால் அந்தக் கரண்ட்டுக்கு எங்காவது போக வழி வேண்டுமே. ஆம்ப்ளிஃபையரையும் செட் டாப் பாக்சையும் இணைக்கும் ஆடியோ ஒயரின் வெளிச்சுற்று வழியாகப் போகும், அங்கிருந்து கேபிள் டிவிக்காரர் மொட்டை மாடியிலிருந்து இறக்கிய ஒயர் வழியாக வெளியே போகும். பாட்டு வரும் ஒயரிலேயே கசிவுக் கரண்ட்டும் வந்தால் அதையும் சேர்த்துத்தான் ஆம்ப்ளிஃபையர் பெருக்கும். 50 ஹெர்ட்ஸ், அதன் மடங்கில் 100, 150. கச்சேரி கேட்கிறவர்களுக்கு இது இன்னும் கொடுமை: பாடகர் ஒரு சுருதியில் இருக்க, பின்னால் யாரோ வேறு சுருதியில் தம்புரா மீட்டிக்கொண்டே இருப்பது போல. அதை நிறுத்தச் சொல்லவும் முடியாது, சுருதி சேர்க்கவும் முடியாது.

எர்த் இருந்தாலும் தொல்லை உண்டு. ஆம்ப்ளிஃபையர் ஒரு போர்டில், சப்ஊஃபர் எதிர்ச் சுவரில் இன்னொரு போர்டில், கம்ப்யூட்டர் மூன்றாவது போர்டில் என்று இருந்தால், ஒவ்வொன்றின் எர்த்தும் வெவ்வேறு வழியாகச் சுற்றி டிபிக்குப் போகிறது. இரண்டு எர்த்துக்கும் இடையே சில மில்லிவோல்ட் வித்தியாசம் இருந்தாலே போதும், ஆடியோ ஒயர் வழியாக ஒரு வளையம் உண்டாகி அதே ஹம் வந்துவிடும். தனி லைனால் ஆடியோவுக்குக் கிடைக்கும் உண்மையான லாபம் இங்கேதான் இருக்கிறது. எல்லாச் சாமானும் ஒரே இடத்தில், ஒரே லைனில், ஒரே எர்த்தில் அமர்கின்றன. வளையம் சுருங்குகிறது, ஹம்மும் அடங்குகிறது.

இந்த விஷயத்தில் ஆடியோ பிரியர்கள் சொல்வதையெல்லாம் நம்பிக் கேட்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். "தனி லைன் போட்டேன், வயலின் அப்படியே எதிரே வந்து நின்றது" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறவர்களை எனக்கும் தெரியும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டிபியிலிருந்து 15 மீட்டர் தூரம், போகவும் வரவும் 30 மீட்டர். 2.5 ஸ்கொயர் காப்பரில் அதன் மின்தடை கால் ஓமுக்கும் சற்றுக் குறைவு, 4 ஸ்கொயரில் 0.15 ஓம் அளவு. வீட்டில் வைக்கும் ஆம்ப்ளிஃபையர் சத்தமாகப் பாடும்போது ஒரு ஆம்பியர் இழுத்தால், கால் வோல்ட்கூடக் குறையாது. 230ல் கால் வோல்ட்டைக் காதால் கண்டுபிடிக்கிறேன் என்றால் அவர் காதை மியூசியத்தில்தான் வைக்க வேண்டும். ஆனால் அதே ஒயரில் ஒன்றரை டன் ஏசி ஏழு ஆம்பியர் இழுத்துக்கொண்டிருந்தால் கிட்டத்தட்ட 2 வோல்ட் விழும், கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் அதைப்போலப் பல மடங்கு விழும், லைட் கண் சிமிட்டும். ஆக, வோல்டேஜ் கணக்கில் 4 ஸ்கொயர் கண்டிப்பாக வேண்டும் என்பதில்லை. எர்த் ஒயரும் தடிமனாக வரட்டும், நாளைக்கு அதே சுவரில் யாராவது பெரிய சாமான் வைத்தாலும் தாங்கட்டும் என்பதற்காகக் கேட்கிறேன். 2.5 கொடுத்தாலும் சண்டைக்கு வரமாட்டேன், லூப் அடிக்காமல் கொடுத்தால் சரி.

இதில் எல்லை தாண்டியவர்களும் இருக்கிறார்கள். ஜப்பானில் சில ஆடியோ பித்தர்கள் வீட்டுக்கு வெளியே தங்களுக்கென்று சொந்தமாகக் கரண்ட் கம்பமும் அதில் ஒரு டிரான்ஸ்ஃபார்மரும் நட்டு வைத்திருக்கிறார்கள், 2016ல் வெளிநாட்டுப் பத்திரிகைகளில்கூட அது செய்தியாக வந்தது. நமக்கு அதெல்லாம் வேண்டாம். மின்வாரியத்திடம் போய்த் தனிக் கம்பம் கேட்டால் என்ன பதில் வரும் என்று நினைத்துப் பார்க்கவே சிரிப்பாக இருக்கிறது.

தனி லைன் எதைத் தீர்க்காது என்பதும் தெரிந்ததுதான். டிபிக்கு முன்னால் இருப்பதெல்லாம் பொதுச்சொத்து. லிஃப்ட் மோட்டாரும், தண்ணீர் பம்ப்பும், பக்கத்து வீட்டுக்காரரின் மிக்சியும் கிளப்பும் இரைச்சல் கொஞ்சமாவது வந்தே தீரும். சில ஆம்ப்ளிஃபையர்களில் ஸ்பீக்கர் அல்ல, உள்ளே இருக்கும் வட்ட டிரான்ஸ்ஃபார்மரே உறுமும். யாராவது ஹேர் டிரையரைப் பாதி வேகத்தில் வைத்தால் அது அதிகமாகும், லைனில் ஒரே திசையில் ஓடும் டிசி கரண்ட் கொஞ்சம் கலந்துவிடுவதால். அதற்கு வைத்தியமே வேறு. அப்புறம் நீங்கள் இலவசமாகப் போட்டுத் தரும் மூட் லைட் டிம்மர்களும் பழைய வகை எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர்களும் இருக்கின்றனவே, ஒவ்வொரு அலையையும் பாதியில் வெட்டி வெட்டி அனுப்புகிறவை. ஸ்பீக்கரில் "ர்ர்ர்" என்று கேட்டால் பெரும்பாலும் அந்தப் புண்ணியவான்தான். கெப்பாசிட்டர் வைத்த ஸ்டெப் ரெகுலேட்டர் போட்டால் அந்தத் தொல்லையே இல்லை. மேடைக் கச்சேரிக்கு சவுண்ட் செட் போடுகிறவர்களைக் கேளுங்கள், லைட் டிம்மர் ஓடும் லைனில் சவுண்ட் மிக்சரைச் செருக விடமாட்டார்கள்.

இப்போது எர்த்துக்கு வருகிறேன், இந்த மடலில் எனக்கு மிக முக்கியமான இடம் இதுதான். எர்த் சரியில்லாத வீட்டில் இரண்டு வகை வைத்தியம் நடக்கிறது, இரண்டும் ஆபத்து. ஒன்றை உங்கள் ஆட்களே செய்கிறார்கள்: சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த் பின்னையும் ஒரு சின்னத் துண்டு ஒயரால் இணைத்துவிடுவது. டெஸ்டர் எரியாது, வாங்கியவரும் திருப்தியாகிவிடுவார். என்றைக்காவது அந்த போர்டுக்கு வரும் நியூட்ரல் ஸ்க்ரூ தளர்ந்து கழன்றால், ஆம்ப்ளிஃபையர் உடம்பில் முழு 230 வோல்ட் வந்து நிற்கும். குழந்தை தொடும் உயரத்தில் இருக்கும் சாமான் அது.

இன்னொன்றை எங்கள் கூட்டத்து ஆட்கள் செய்கிறார்கள். "கிளீன் எர்த்" என்று சொல்லித் தோட்டத்தில் தனியாக ஒரு கம்பியை அடித்து, கட்டடத்தின் எர்த்தோடு சேர்க்காமல், நேராக ஆடியோ சாக்கெட்டுக்குக் கொண்டுவருவது. வெயில் காலத்தில் காய்ந்த மண்ணில் அந்தக் கம்பிக்கு 10 ஓம் மின்தடை என்று வைத்துக்கொள்வோம். ஃபேஸ் ஒயர் உடம்பில் பட்டால் 230ஐ 10ஆல் வகுத்து 23 ஆம்பியர் ஓடும். 16 ஆம்பியர் எம்சிபி அதற்கு உடனே விழாது, ஒரு மணி நேரம் வரைகூடத் தாங்கிக்கொண்டு நிற்கலாம். சி வகை எம்சிபி சட்டென்று விழ வேண்டுமென்றால் 80 ஆம்பியருக்கு மேல் போக வேண்டும். அதுவரை அந்தப் பெட்டியைத் தொட்டவர் கதி? கரண்ட் கசிந்தாலே லைனை அணைத்துவிடும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இருந்தால் காப்பாற்றும், அதனால் அதையும் சேர்த்தே கேட்கிறேன். தனிக் கம்பி அடிக்கிறவர்கள் அடிக்கட்டும், ஆனால் அது கட்டடத்தின் எர்த்தோடு கட்டாயம் இணைந்திருக்க வேண்டும். மின்னல் அடிக்கும்போது இரண்டு எர்த்துக்கும் இடையே எழும் வித்தியாசம் முழுவதும் ஆடியோ ஒயர் வழியாகத்தான் பாயப் பார்க்கும்.

நீங்கள் ஒழுங்கான எர்த்தைக் கொடுத்துவிட்டால் இந்த வைத்தியங்களுக்கே வேலை இல்லை. இந்தியத் தர விதிகளில் வயரிங்குக்கு ஐஎஸ் 732 இருக்கிறது, எர்த்துக்கு ஐஎஸ் 3043 இருக்கிறது, நான் புதிதாக எதையும் கண்டுபிடித்துக் கேட்கவில்லை. சைட்டில் எர்த் குழி தோண்டி உப்பும் கரியும் போட்டு பைப்பை இறக்கி மேலே மூடி போட்டுவிடுகிறீர்கள். அப்புறம் அந்தக் குழிக்கு யாராவது ஒரு வாளி தண்ணீர் ஊற்றியது உண்டா? பல கட்டடங்களில் அந்த மூடியின் மேல் கார் நிற்கிறது.

"இதெல்லாம் யார் சார் கேட்கிறா, நூற்றுக்கு ஒருத்தர் கேட்பார்" என்று ஒரு சைட் இன்ஜினியர் என்னிடம் சொன்னார். நூற்றுக்கு ஒருவர்கூடக் கேட்காமல் இருக்கலாம், ஆனால் நூற்றுக்கு எத்தனை வீட்டில் டிவி, சவுண்ட்பார், செட் டாப் பாக்ஸ், மோடம், கேம் விளையாடும் பெட்டி எல்லாம் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்சில் தொங்கிக்கொண்டிருக்கின்றன என்று அவர் நாலு வீட்டுக்குள் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். ஸ்டீரியோ என்ற வார்த்தையே தெரியாதவருக்கும் அந்தச் சுவருக்கு ஒரு நல்ல லைன் வேண்டியிருக்கிறது.

செலவா? காப்பர் ஒயர் 90 மீட்டர் காயிலாக வருகிறது. 15 மீட்டர் தூரத்துக்கு மூன்று ஒயர் என்றால் 45 மீட்டர், ஒரு காயிலில் இரண்டு வீடு முடிந்துவிடும். ஒரு எம்சிபி, கொஞ்சம் பிவிசி பைப், நான்கைந்து சாக்கெட். ஸ்லாப் போடும் முன்பு, சுவர் பூசும் முன்பு செய்தால் அரை நாள் வேலை. அதையே குடிவந்த பிறகு நாங்கள் செய்ய வேண்டுமென்றால் பூசிய சுவரில் காடி வெட்டி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்து, தூசியில் ஒரு வாரம் தும்மி, கடைசியில் அந்த நிறம் மற்ற சுவரோடு ஒத்துப்போகாமல் வீட்டில் பேச்சு வாங்க வேண்டியிருக்கிறது. அப்படிச் செய்ய மனமில்லாதவர்கள் கேசிங் பட்டையைச் சுவரோரம் ஓட்டிச் சமாளிக்கிறார்கள். பெரிய வட்ட டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஆம்ப்ளிஃபையர் ஆன் செய்யும் நொடியில் நிறைய இழுக்கும் என்பதால், எம்சிபி சி வகையில் 16 ஆம்பியராக இருக்கட்டும். 6 ஆம்பியர் பி வகை போட்டால் ஒவ்வொரு முறையும் விழுந்து உயிரை எடுக்கும்.

கடைசியாக ஒன்று. சாவி கொடுக்கும் நாளில் வயரிங் டிராயிங்கின் நகலும், எர்த் மின்தடை எத்தனை ஓம் என்று அளந்து தேதி போட்ட தாளும் வீட்டுக்காரர் கையில் கொடுங்கள். எந்தச் சுவருக்குள் எந்த பைப் ஓடுகிறது என்று தெரியாமல், படம் மாட்ட ட்ரில் போட்டு ஒயரைத் துளைத்தவர்கள் எங்கள் குடியிருப்பிலேயே இருக்கிறார்கள். டிராயிங் உங்கள் ஆபீசில் எப்படியும் இருக்கும், ஒரு பிரின்ட் எடுத்தால் போதும்.

இப்படிக்கு,
மூன்றாவது மாடியில் பாட்டுக் கேட்க முயலும் ஒரு வாடிக்கையாளர்