ரிங் மாற்றினால் எஞ்சின் புதிதாகிவிடுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பழைய காரில் பெரிய எஞ்சின் ஏற்றுவது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் பிரமாதம். ஆனால் கட்டுரை முழுக்கக் குதிரைத்திறன் பேச்சுதான். எஞ்சினைப் பிரித்துப் பார்க்கும் வேலைக்குக் கிடைத்தது ஒரே வரி, புது ரிங் (பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையம்), புது பேரிங், புது கேஸ்கெட் போட்டால் புதுசு மாதிரி ஆகிவிடும் என்று. அந்த வரியை நம்பி யாரும் ஸ்பேனரை எடுத்துவிடக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

பாகத்தை மாற்றுவது வேறு, எஞ்சினைச் சரிசெய்வது வேறு. வருஷக்கணக்கில் ஓடிய சிலிண்டர் வட்டமாகவே இருக்காது. பிஸ்டன் சாய்ந்து உரசும் பக்கம் தேய்ந்து நீள்வட்டமாகும், ரிங் மேலே போய்த் திரும்பும் இடத்தில் அதிகமாகவும் கீழே குறைவாகவும் தேய்ந்திருக்கும், அதற்குள் புது ரிங்கைப் போட்டால் அது எந்தச் சுவரோடு ஒட்டும்? போர் கேஜை (சிலிண்டரின் உள்விட்டம் அளக்கும் கருவி) வைத்து மேலே, நடுவில், கீழே, ஒவ்வோர் இடத்திலும் குறுக்கும் நெடுக்குமாக அளந்த பிறகுதான் ஹோனிங் (உட்சுவரை லேசாகத் தேய்த்துச் சீராக்குவது) போதுமா, ஓவர்சைஸ் பிஸ்டனுக்குப் போர் போட (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்க) வேண்டுமா என்பது தெரியும். அளக்கும் முன்பே பிஸ்டன் வாங்கி வைத்துக்கொள்கிறவர்களிடம் பேசிப் பயனில்லை. இன்னொன்று, ஹெட்டின் (சிலிண்டர்களுக்கு மேல் மூடி) போல்ட்டை இறுக்கினால் பிளாக்கே (சிலிண்டர்கள் இருக்கும் உடல்பகுதி) கொஞ்சம் நெளியும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் ஹெட் இருக்கும் இடத்தில் ஒரு கனமான தகட்டை மாட்டி, முறைப்படி இறுக்கி வைத்துவிட்டுத்தான் ஹோன் செய்வார்கள்.

ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவே விடும் இடைவெளியைக் கட்டுரை தொடவே இல்லை. நீங்கள் புகழ்ந்த டொயோட்டா 2ஜேஇசட்-ஜிடிஇ எஞ்சினையே எடுத்துக்கொள்வோம். 3 லிட்டர், வரிசையாக 6 சிலிண்டர், போரும் (சிலிண்டர் விட்டம்) ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 86 மி.மீ. விட்டத்தில் ஆயிரத்தில் நாலு பங்கு விடுவது டர்போ இல்லாத எஞ்சினுக்கான பொதுக் கணக்கு, 86 மி.மீ. போருக்கு அது சுமார் 0.34 மி.மீ. இதுவோ டர்போ எஞ்சின். சூடு அதிகம், ரிங் இன்னும் விரியும், ஆகவே இடைவெளியும் கூடுதலாக வேண்டும் (சரியான அளவு பிஸ்டனோடு வரும் தாளிலேயே இருக்கும், அந்தத் தாளைத்தான் முதலில் தூக்கி எறிகிறோம்). இடைவெளி குறைந்தால் சூட்டில் முனைகள் முட்டிக்கொண்டு போரைக் கீறும், பிஸ்டனின் மேல் பகுதியையே பெயர்த்துவிடும். கொஞ்சம் கூடிப்போனால் லேசாக கம்ப்ரெஷன் இழப்பு, அவ்வளவுதான்.

பேரிங்கும் இதே கதைதான். 50 மி.மீ. கிராங்க் ஜர்னலுக்கு (கிராங்க் தண்டில் பேரிங்குக்குள் சுழலும் பகுதி) ஏறக்குறைய 0.05 மி.மீ. இடைவெளி, தலைமுடியை விட மெல்லியது, அதில் நிற்கும் ஆயில்தான் கிராங்கைத் தாங்குகிறது. கையால் ஆட்டிப் பார்த்து 'டைட்டா இருக்கு' என்று சொல்வதெல்லாம் அளவு ஆகாது.

சரி, எஞ்சின் தயார். காரில் ஏற்றுவதற்கும் அளவு நாடாதான் முதலில் வேண்டும். 1997 கார்வெட்டில் வந்த ஜெனரல் மோட்டார்ஸ் எல்எஸ்1 எஞ்சினை ஏன் எல்லா காரிலும் திணிக்கிறார்கள்? 5.7 லிட்டர் வி8 ஆக இருந்தும் கேம்ஷாஃப்ட் (வால்வுகளை இயக்கும் தண்டு) பிளாக்குக்குள்ளேயே இருப்பதால் ஹெட் சிறியது, மொத்த அகலமும் குறைவு, பிளாக்கும் அலுமினியம். 2ஜேஇசட் அப்படியில்லை, இரும்பு பிளாக், நீளம், உயரம். சம்ப்பின் (எஞ்சினுக்கு அடியில் இருக்கும் ஆயில் தொட்டி) ஆழமான பகுதி முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா, ஸ்டீயரிங் ராக்கில் இடிக்குமா, பானெட் மூடுமா என்று பார்க்காமல் மவுண்ட் (எஞ்சினைத் தாங்கும் பிடிமானம்) வெல்டிங் செய்தால் இரண்டாவது முறையும் வெட்டத்தான் வேண்டும். கியர்பாக்ஸும் டிஃபரன்ஷியலும் (சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் பெட்டி) நிற்கும் கோணங்கள் ஒன்றுக்கொன்று ஈடாக இல்லாவிட்டால் வேகத்தில் கார் அதிரும், அதற்கு எந்த டியூனிங்கும் மருந்தில்லை. ரேடியேட்டர், ஃப்யூவல் பம்ப், கிளட்ச் எல்லாம் புது எஞ்சினுக்கு ஏற்றதாக வேண்டும். அப்புறம் பிரேக். 400 குதிரைத்திறனைப் பற்றி எழுதிய கட்டுரையில் அந்தச் சொல் ஒரு தடவைகூட வரவில்லை!

முதல் ஸ்டார்ட் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஃப்யூவலை நிறுத்திவிட்டு, ஆயில் பிரஷர் ஏறும் வரை ஸ்டார்ட்டரால் மட்டும் சுற்ற வேண்டும். ஓட ஆரம்பித்த பிறகு கசிவு எதுவும் இல்லையென்றால் அரை மணி நேரம் ஐடிலிலேயே (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடும் நிலை) விட்டு வைக்கக் கூடாது. சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறினால்தான் ரிங் சுவரோடு அமரும், அதற்கு மிதமான லோடில் ஓட்ட வேண்டும்.

கட்டுரையின் இரண்டாம் பாகம் வரும் என்று போட்டிருந்தீர்கள். அந்தக் காரைக் கட்டியவரிடம் போர் அளவு, ரிங் இடைவெளி, எஞ்சின் சூடான பிறகு ஐடிலில் நிற்கும் ஆயில் பிரஷர், இந்த மூன்றையும் கேட்டு வாங்கிப் போடுங்கள். குதிரைத்திறனை அதற்குக் கீழே சின்ன எழுத்தில் போட்டாலும் போதும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர் ஒருவர்