பழுதான டிஸ்க்கை மாற்றுவதில் தாமதம் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சான்றிதழ் வாங்கவோ நகைக் கடனைத் திருப்பவோ செல்பவரிடம் ‘சர்வர் வேலை செய்யவில்லை, நாளை வாருங்கள்’ என்று சொல்வது நம் ஊர்களில் வழக்கமாகிவிட்டது. அவற்றில் பெரும்பாலானவை இணைப்புக் கோளாறுகள். சில மணி நேரத்தில் சரியாகிவிடும். ஆனால், வாரக்கணக்கில் நீடித்து, பழைய பதிவுகளே கிடைக்காமல் போகும் முடக்கங்களும் உண்டு. சர்வர் பராமரிப்பைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் நான் பார்த்த அத்தகைய முடக்கங்களில் பல, ஒரே ஒரு ஹார்டு டிஸ்க் பழுதாகி, அதை உரிய நேரத்தில் மாற்றாமல் விட்டதில்தான் தொடங்கின. அலுவலகப் பொறுப்பில் இருப்பவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

ஒரு டிஸ்க் போனாலும் தகவல் அழியாதபடி பல டிஸ்க்குகளைச் சேர்த்து இயக்கும் முறைக்கு ரெய்டு என்று பெயர். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி கட்ஸ் ஆகிய மூவரும் 1988-இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து இப்பெயர் வழக்கில் உள்ளது. சிறு, நடுத்தர அலுவலகங்களில் நான் அதிகம் காண்பது ரெய்டு 5 என்ற வகை. இதில், தகவல் உள்ள டிஸ்க்குகளில் ஒரே இடத்தில் உள்ள பிட்டுகளில் (0 அல்லது 1 என்ற மிகச் சிறிய தகவல் அலகுகளில்) ஒன்றுகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால் 1 என்றும், இரட்டைப்படையாக இருந்தால் 0 என்றும் ஒரு சரிபார்ப்பு பிட் இன்னொரு டிஸ்க்கில் எழுதப்படுகிறது. ஒரு டிஸ்க் போய்விட்டால், மீதமுள்ளவற்றைப் படித்து, போனதில் என்ன இருந்தது என்று கணக்கிட்டுவிடலாம். இரண்டாவது டிஸ்க்கும் போய்விட்டால் கணக்கிட வழியே இல்லை.

முதல் டிஸ்க் போனதும் சர்வர் நின்றுவிடாது. சற்று மெதுவாகலாம், பயன்படுத்துபவருக்கு வேறொன்றும் தெரியாது. அந்த டிஸ்க்கின் பச்சை விளக்கு ஆரஞ்சு நிறத்துக்கு மாறும். டிஸ்க்குகளை ஒருங்கிணைத்து இயக்கும் கன்ட்ரோலர்கள் பல விடாமல் ‘பீப்’ ஒலி எழுப்பும். சத்தம் தாங்க முடியவில்லை என்று ஊழியர்கள் போன் செய்ய, பராமரிப்பு நிறுவனத்தார் தங்கள் இடத்தில் இருந்தபடியே ஒலியை மட்டும் நிறுத்திவிடுவார்கள். புது டிஸ்க்குக்கு மூன்று கொட்டேஷன் கேட்கப்படும். கோப்பு மேசை மேசையாக நகரும். ஆயுத பூஜைக்கு இட்ட சந்தனமும் குங்குமமும் காய்ந்து கிடந்த ஒரு சர்வரின் முகப்பில், அந்தப் பொட்டுக்குப் பக்கத்திலேயே ஆரஞ்சு விளக்கு எரிந்துகொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். கன்ட்ரோலரின் பதிவுகளைத் திறந்தபோது, அந்த டிஸ்க் பூஜைக்கு முன்பே போயிருந்தது தெரிந்தது.

இந்தத் தாமதம் ஏன் ஆபத்தானது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். புது டிஸ்க் போட்டவுடன் வேலை முடிந்துவிடுவதில்லை. மற்ற டிஸ்க்குகளை முதலிலிருந்து கடைசிவரை படித்து, கணக்கிட்டு, புதியதில் எழுதியாக வேண்டும். இதைத்தான் ரீபில்டு என்கிறோம். 8 டெராபைட் டிஸ்க்கில் நொடிக்கு 200 மெகாபைட் வீதம் தடையின்றி எழுதினாலே 11 மணி நேரம் ஆகும். அலுவலக வேலையும் கூடவே நடந்தால் ஒன்றிரண்டு நாள் ஆவது சாதாரணம். அவ்வளவு நேரமும் உழைப்பவை, போன டிஸ்க்குடன் ஒரே நாளில் வாங்கி, அதே பெட்டியில் அதே காலம் ஓடிய டிஸ்க்குகள். சாதாரண மேசைக் கணினிக்கான டிஸ்க்குகளின் விவரக்குறிப்பில், 10-இன் 14-ஆம் அடுக்கு (ஒரு கோடி கோடி) பிட்டுகளுக்கு, அதாவது ஏறத்தாழ 12.5 டெராபைட்டுக்கு, அதிகபட்சம் ஒரு படிக்க முடியாத பிழை என்று குறிப்பிடப்பட்டிருக்கும். நான்கு 4 டெராபைட் டிஸ்க்குகள் கொண்ட ரெய்டு 5-ஐ ரீபில்டு செய்யப் படிக்க வேண்டியது 12 டெராபைட். விவரக்குறிப்பில் உள்ள அந்தப் பிழை அளவு உச்ச வரம்புதான், நடைமுறையில் பல டிஸ்க்குகள் அதைவிட நன்றாகவே இயங்குகின்றன என்பதும் உண்மை. ஆயினும் மக்களின் பதிவுகளை அந்த நம்பிக்கையில் விட்டுவைக்க முடியாது.

ஒன்றாக வாங்கியவை ஒன்றாகவே போகக்கூடும் என்பது வெறும் அச்சமன்று. 2019 நவம்பரில் ஹியூலெட் பேக்கார்ட் என்டர்பிரைஸ் நிறுவனம், தன் எஸ்.எஸ்.டி. (சுழலும் தட்டு இல்லாமல் சிப்களில் தகவலைச் சேமிக்கும் டிஸ்க்) மாடல்களில் சில, ஃபர்ம்வேர் (டிஸ்க்குக்குள்ளேயே இருக்கும் இயக்க மென்பொருள்) பிழை காரணமாக, 32,768 மணி நேரம் (ஏறத்தாழ மூன்றே முக்கால் ஆண்டு) இயங்கியதும் செயலிழந்துவிடும் என்றும், ஒரே சமயத்தில் பொருத்தப்பட்டவை ஏறக்குறைய ஒரே சமயத்தில் போகக்கூடும் என்றும் எச்சரித்தது. ஃபர்ம்வேரைப் புதுப்பித்தவர்கள் தப்பித்தார்கள்.

மாற்றும் முறையிலும் கவனம் தேவை. முதலில் பேக்கப் இருக்கிறதா, அதிலிருந்து ஒரு கோப்பையாவது மீட்டெடுக்க முடிகிறதா என்று பார்த்த பிறகே டிஸ்க்கில் கை வைக்க வேண்டும். தவறான டிஸ்க்கை உருவுவதுதான் இத்தொழிலில் நான் மிகவும் அஞ்சும் பிழை. பல சர்வர்களில் டிஸ்க் பொருத்தும் இடங்களின் எண் 0-இலிருந்து தொடங்குகிறது. ‘இரண்டாம் எண்’ என்று பொறியாளர் போனில் சொல்ல, எதிர்முனையில் இருப்பவர் ஒன்றிலிருந்து எண்ணி, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க்கைக் கழற்றிவிட்டால், ரெய்டு 5 அந்த நொடியே விழுந்துவிடும். லினக்ஸ் இயங்குதளம் டிஸ்க்குகளுக்குக் காட்டும் எஸ்டிஏ, எஸ்டிபி போன்ற பெயர்களையும் நம்பக் கூடாது. சர்வரை மறுபடி இயக்கும்போது அவை மாறிவிடலாம். பழுதான டிஸ்க்கின் சீரியல் எண்ணைக் குறித்துக்கொண்டு, வசதி இருந்தால் அதன் விளக்கை மின்னவிட்டு, உருவியதும் லேபிளில் உள்ள எண்ணோடு ஒப்பிட வேண்டும். புதியதன் கொள்ளளவு பழையதைவிட ஒரு செக்டார் (டிஸ்க்கின் மிகச் சிறிய சேமிப்புப் பகுதி) அளவுகூடக் குறையக் கூடாது. அதன் எழுதும் முறையையும் கேட்டு வாங்க வேண்டும்: வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசை டிஸ்க்குகள் சிலவற்றில், தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் எஸ்.எம்.ஆர். முறை இருப்பது 2020-இல்தான் வெளியே தெரிந்தது. ரீபில்டின்போது அவை ரெய்டு தொகுப்பிலிருந்து வெளியேற்றப்பட்டதாகப் பலர் முறையிட்டனர்.

கழற்றிய டிஸ்க்கை உத்தரவாதத்தின் பேரில் அப்படியே திருப்பி அனுப்புவதும் சரியன்று. இரட்டைப் பிரதி வைக்கும் ரெய்டு 1-இல் அந்த ஒரு டிஸ்க்கிலேயே மொத்தத் தகவலும் இருக்கும். டிஸ்க்கைத் தாங்களே வைத்துக்கொள்ளும் வசதியை, சர்வர் வாங்கும்போதே கேட்டுப் பெறலாம்.

பொதுமக்களின் பதிவுகளை வைத்திருக்கும் அரசு அலுவலகங்கள், கூட்டுறவுச் சங்கங்கள், மருத்துவமனைகள், கல்லூரிகள் ஆகியவற்றின் பொறுப்பாளர்களிடம் நான் கேட்பது பெரிய செலவுள்ள காரியமன்று. சர்வருடன் சேர்த்தே ஒரு ஸ்பேர் டிஸ்க்கை வாங்கி, பூட்டிய அலமாரியில் வையுங்கள். புதிய சர்வர் என்றால், இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும் ரெய்டு 6-ஐக் கேளுங்கள். எச்சரிக்கைச் செய்தி யாரும் திறக்காத மின்னஞ்சலுக்குப் போகாமல், பெயர் சொல்லக்கூடிய ஓர் அலுவலரின் கைப்பேசிக்கு வரட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இப்போதுள்ள பல ஒப்பந்தங்கள் சர்வர் நின்ற நேரத்தை மட்டுமே பழுது நேரமாகக் கொள்கின்றன. எச்சரிக்கை வந்த நேரம் முதல் ரீபில்டு முடியும் நேரம் வரையிலான காலம் முழுவதும், சர்வர் ஓடிக்கொண்டிருந்தாலும், பழுது நேரமாகவே கணக்கிடப்பட வேண்டும் என்ற விதியை, வரும் நிதியாண்டின் பராமரிப்பு ஒப்பந்தங்களிலேயே சேர்க்குமாறு உரியவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சர்வர் பராமரிப்புப் பணியாளர் ஒருவர்,
கோயம்புத்தூர்.